மொழிக்குடும்ப மரமும் மலையகப் பேச்சுவழக்கும்: ஒப்பியல் முறைபற்றிய ஒரு மதிப்பீடு

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் குடும்ப மரத்தை மீட்டுருவாக்கும் முறைகள் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளிலிருந்தே தொடங்குவர். கொட்டகலையிலிருந்து எழுதும் நமக்கு அத்துணைத் தொலைவு செல்லவேண்டிய தேவை இல்லை. இங்குள்ள கடைவீதியிலே சிங்கள வணிகர் ஒருவர் விலை கூறும்போது நம் செவியில் விழும் 'தெக்க', 'துன', 'ஹத்த', 'தஹய' என்னும் எண்ணுப்பெயர்கள் இலத்தீன் மொழியின் 'துவோ', 'த்ரேஸ்', 'செப்தெம்', 'தெக்கெம்' என்பவற்றோடு ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. அவ்வணிகருக்கு விடையிறுக்கும் தோட்டத் தொழிலாளியின் வாயில் வரும் ரெண்டு, மூணு, ஏழு, பத்து என்பன பிறிதொரு குடும்பத்தைச் சார்ந்தவை. வேறுவேறான இரு பெரும் மொழிக்குடும்பங்கள் ஒரு கடைவாசலில் நாள்தோறும் எதிர்ப்படும் இடத்திலிருந்து இம்முறைகளை நோக்குமிடத்து, ஐரோப்பிய நூல்களில் தென்படாத சில பிரச்சினைகள் புலனாகின்றன.

இந்நாட்டில் மொழிக்குடும்பம் என்னும் கருத்து மொழியியலாரின் ஆய்வறைக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதை முதலிற் குறிப்பிடல் வேண்டும். சிங்களம் ஆரியக் கிளையினது, தமிழ் திராவிடக் குடும்பத்தினது என்னும் மொழியியல் முடிபு, ஆரிய இனம் என்றும் திராவிட இனம் என்றும் இரத்த வேறுபாடாக உருமாற்றப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. 'ஆரியர்' என்னும் சொல்லை ஐரோப்பாவிற் பரப்பியோருள் முதன்மையானவராகிய மாக்ஸ் முல்லரே 1888ஆம் ஆண்டில், அச்சொல் மொழியைமட்டும் குறிப்பது, இனத்தையோ உடற்கூற்றையோ குறிக்காது என வற்புறுத்தினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. தமிழருக்குள்ளேயும் இத்தகைய கிளைபிரிப்பு நிகழ்ந்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு தனிப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. அதன்பின் 'இந்தியத் தமிழ்' என்றொரு பேச்சுமொழியும் இயல்பாகவே உண்டென்று கொள்ளும் போக்கு கற்றோரிடையே வேரூன்றியது. மலையகப் பேச்சு தென்னிந்தியக் கிளையொன்றின் சிதைந்த நுனி என்றும், யாழ்ப்பாணப் பேச்சு தூய்மையான பழங்கிளை என்றும் கூறப்படுவதைக் கேளாதார் இலர். குடும்ப மரத்தை வரையும் முறை இக்கூற்றுக்கு உண்மையிலேயே துணைநிற்கிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது.

முறையின் வலிமையை முதலில் ஏற்றுக்கொள்வோம். 1786ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் நிகழ்த்திய உரை இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் அவ்வுரை உறவை ஊகித்தது, நிறுவவில்லை. நிறுவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் உழைப்பாகும். இரு மொழிகளின் சொற்கள் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றன்று. அவை ஒழுங்காக வேறுபடுவதே சான்று. சமஸ்கிருதத்து 'சப்த', 'தச' என்பவை சிங்களத்தில் 'ஹத்த', 'தஹய' என நிற்கின்றன. இங்கு ஊமம் ஹகரமாதல் ஒரு சொல்லின் தற்செயலன்று. சொல்தோறும் மீளமீள நிகழ்வது. கிளைகளைப் பிரிப்பதற்கு இவ்வொழுங்குமட்டும் போதாது என்பதை 1876ஆம் ஆண்டில் லெஸ்கின் தெளிவுபடுத்தினார். இரு மொழிகள் மூலமொழியின் பழைய கூறொன்றைச் சேர்ந்து பேணுவதால் அவை ஒரு கிளை ஆகமாட்டா. புதிய மாற்றமொன்றைச் சேர்ந்து அடைந்திருந்தால்மட்டுமே அவற்றுக்கிடையில் ஒரு பொதுத் தாயைக் கற்பிக்கலாம். அம்மாற்றமும் ஒருமுறையே நிகழ்ந்த மாற்றமாக இருத்தல் வேண்டும். கிரேக்கத்தில் ஏழு 'ஹெப்தா', பாரசீகத்தில் 'ஹப்த்', சிங்களத்தில் 'ஹத்த'. மூன்றிலும் ஊமம் ஹகரமாயிற்று. இதனைக் கொண்டு கிரேக்கத்தையும் சிங்களத்தையும் ஒரு கிளையில் அமர்த்துவார் எவரும் இலர். எளிதில் நிகழத்தக்க மாற்றம் எங்கும் தனித்தனியே நிகழும்.

இவ்விதியின் நுட்பத்தை நம் குடும்பத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தமிழிற் செவி, மலையாளத்திற் செவி, தெலுங்கிற் செவி. கன்னடத்தில் கிவி, துளுவிற் கெபி. மூலத்தில் ககரமே இருந்தது என்பதும் இகர எகரங்களின் முன் அது சகரமாயிற்று என்பதும் ஒப்பியலாரின் முடிபு. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதனால் தமிழையும் தெலுங்கையும் ஒரு கிளையாக்கி, கன்னடத்தை அதற்குப் புறம்பே நிறுத்துவர். ஆயின் மேலும் இரு சொற்களை நோக்குவோம். தமிழிற் கெடு, தெலுங்கிற் செடு. தமிழிற் கிளி, தெலுங்கிற் சிலுக. அடுத்துவரும் மெய் நாமடி ஒலியாக இருக்கும்போது தமிழில் ககரம் பொதுவாக மாறாது நின்றது. தெலுங்கில் அத்தடை இல்லை. எனவே ஒன்றுபோல் தோன்றியவை வேறுவேறு நிபந்தனைகளில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள். மாறாக, தமிழின் உரல் தெலுங்கில் ரோலு எனவும், இளமையைக் குறிக்கும் அடி லேத எனவும் ஒலியிடம் பெயர்ந்து வருவதும், அதேபோன்ற இடப்பெயர்ச்சி கோண்டி, குயி முதலிய மொழிகளிலும் காணப்படுவதும் வேறு வகையான சான்று. எளிதில் எங்கும் தோன்றும் மாற்றமன்று அது. இத்தகைய சான்றுகளைக் கொண்டே பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கை அம்மொழிகளோடு சேர்த்துத் தென்-நடுத் திராவிடக் கிளையில் வைத்தார். எழுத்துமரபும் இலக்கியப் பெருமையும் உடைய தெலுங்கு, எழுத்தறியாப் பழங்குடியினரின் மொழிகளோடு ஒரு கிளையில் வைக்கப்பட்டமை சிலருக்கு உவப்பாக இருந்திராது. முறை அவர்களின் உவப்பைப் பொருட்படுத்தவில்லை. இதனை நாம் அம்முறையின் சனநாயகப் பண்பு என்றே கூறுவோம்.

மார்க்சிய நோக்கினர் சிலர் ஒப்பியல் முறையையே பூர்ஷ்வாப் புனைவு எனத் தள்ளிவிட முனைவதுண்டு. இது புதிய தவறன்று. சோவியத் நாட்டில் மார் என்பவர் உலக மொழிகள் யாவும் நான்கு ஒலிக்கூறுகளிலிருந்து தோன்றின என்றும், மொழி வர்க்கத்திற்கு வர்க்கம் மாறும் மேற்கட்டுமானம் என்றும் கூறினார். அக்கொள்கை பல ஆண்டுகள் அரச ஆதரவோடு கோலோச்சியது. அதனை எதிர்த்த தலைசிறந்த மொழியியலாளராகிய பொலிவானோவ் 1938இற் கொல்லப்பட்டார். 1950ஆம் ஆண்டு 'பிராவ்தா' விவாதத்திலேதான் ஸ்டாலின் தலையிட்டு மாரின் கொள்கையை மறுத்தார். குறைகள் பல இருப்பினும் ஒப்பியல் முறை மாரின் நான்கு கூறுகளினும் மேலானது என ஏற்றார். ஒரு விஞ்ஞான விவாதம் இவ்வாறு மேலிடத்துத் தீர்ப்பால் முடிவுற வேண்டியிருந்தமை வெட்கத்துக்குரியது. தீர்ப்பின் உள்ளடக்கம் சரியானதே என்பது வேறு விடயம்.

ஆகவே நமது விமர்சனம் ஒலி ஒழுங்குகளின்மீதன்று. அவற்றிலிருந்து வரையப்படும் மரத்தின்மீது. 1861ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய தமது பெருநூலில் மரவரைபடத்தை நிலைபெறச் செய்த ஷ்லைஷர், மொழியை இயற்கை உயிரியாகக் கருதியவர். உயிரிகள் பிரிந்தபின் மீண்டும் கலப்பதில்லை, மரக்கிளைகளும் அவ்வாறே. மொழி பேசும் மாந்தர் கலப்பர். 1872ஆம் ஆண்டில் யொகான்னஸ் ஷ்மிட் இதனைச் சுட்டிக்காட்டி, மாற்றங்கள் குளத்தில் எறிந்த கல்லின் அலைகள்போல் பரவி ஒன்றையொன்று ஊடறுக்கும் என்றார். இருபதாம் நூற்றாண்டில் துருபெட்ஸ்கோய் இந்தோ-ஐரோப்பிய ஒற்றுமையே அண்டை மொழிகளின் நெருக்கத்தால் விளைந்திருக்கலாம் எனுமளவுக்குச் சென்றார். அவ்வளவு தூரம் நாம் செல்லவேண்டியதில்லை.

எங்கெல்ஸ் 1881-82ஆம் ஆண்டுகளில் பிராங்கிய வழக்குப்பற்றி ஓர் ஆய்வை எழுதினார் என்பது நம்மிற் பலர் கவனிக்காத செய்தி. அவர் மறைவுக்குப் பின்னரே அது அச்சேறியது. செர்மானிய வழக்குகளை மெய்யொலிப் பெயர்ச்சி என்னும் ஒரே அளவுகோலால் மேல்நாட்டு வழக்கு, கீழ்நாட்டு வழக்கு எனக் கூறுபடுத்திய அறிஞர்களை அவர் மறுத்தார். தம் பிறந்த மண்ணாகிய ரைன் பகுதியின் பேச்சைத் தாமே நன்கறிந்திருந்தமையால், ஓர் அளவுகோல் கொண்டு கிழித்த கோடு ஒரே வழக்கின் மக்களை இரு கூறாகத் துண்டாடுவதை அவராற் காட்ட முடிந்தது. மூலதனத்தின் எஞ்சிய பாகங்கள் அச்சுக்குக் காத்திருந்த காலத்தில், ஊர்ப் பேச்சின் உயிரொலிகளையும் வினைவிகுதிகளையும் ஒருவர் இத்துணைப் பொறுமையோடு ஆராய்ந்தார் என்பது நம் போன்றோர்க்கு ஒரு பாடம்.

இனி, எண்ணிக்கை முறைகளுக்கு வருவோம். 1950களில் அமெரிக்கராகிய ஸ்வடேஷ், எம்மொழியிலும் இருக்கத்தக்க அடிப்படைச் சொற்களின் பட்டியலொன்றை வகுத்து, அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 14 வீதம் என்னும் நிலையான வேகத்தில் மறைகின்றன எனக் கொண்டார். 1964இல் அந்திரோனோவ் இம்முறையைத் திராவிட மொழிகளின் பிரிவுக்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தினார். வேகம் நிலையானதன்று என்பது விரைவிலேயே புலனாயிற்று. ஐஸ்லாந்து மொழி போன்றவை மிக மெல்ல மாறின. வேறு சில மிக விரைந்து மாறின. இன்று கணிப்பொறி அக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது. ஆறு மொழிகளுக்கு வரையத்தக்க இருகிளை மரங்கள் 945. கிருஷ்ணமூர்த்தியும் உடனாய்வாளர் இருவரும் 1983ஆம் ஆண்டில் கோண்டி முதலிய ஆறு மொழிகளுக்கு மரம் தேடியபோது, அத்தொகை முழுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தல் இயலும் காரியமாக இருந்தது. மொழிகள் இருபதாகும்போது அத்தொகை 8 என்னும் இலக்கத்தின் பின் இருபத்தொரு சுழியங்களை இட்டாற் பெறும் எண்ணையும் விஞ்சுகிறது. ஆகவே இன்றைய ஆய்வாளர் எல்லா மரங்களையும் தேடாது, நிகழ்தகவு மிக்கவற்றை மாதிரியாகத் திரட்டுகின்றனர். வேகமும் கிளைக்குக் கிளை மாறலாமென விட்டுவிடுகின்றனர். இவ்வழியில் 2018ஆம் ஆண்டில் கோலிபாக்கமும் அவருடன் பிறரும் வெளியிட்ட ஆய்வு, 20 திராவிட மொழிகளைக் கொண்டு அக்குடும்பத்துக்கு ஏறத்தாழ 4,500 ஆண்டு வயது கணித்தது. இந்தோ-ஐரோப்பியத்துக்கோ 2015இல் ஒரு குழுவினர் ஏறத்தாழ 6,500 ஆண்டுகள் என்றனர். 2023இல் மற்றொரு குழுவினர் 8,100 ஆண்டுகள் என்றனர். அடிப்படையில் ஒத்த முறை. இடைவெளி 1,600 ஆண்டுகள்! எந்தச் சொல்லை எந்தப் பண்டை மொழிக்கு உரியதாகக் கொள்வது, எம்மொழியை எதன் நேர் மூதாதையாகக் கொள்வது என்னும் தீர்மானங்களே இவ்விடைவெளிக்குப் பெரிதும் காரணம். பொறிக்குள் இடும் முன்னரே மனிதர் செய்யும் தீர்மானங்கள் இவை.

தமிழில் இதன் விளைவை ஒரு சொல்லாற் காணலாம். 'செவி' என்னும் சொல்லின்மீது மேலே நாம் கட்டிய வாதம் முழுவதும், பட்டியல் நிரப்புபவர் தமது பேச்சில் வழங்கும் 'காது' என்பதை எழுதிய மாத்திரத்தில் மறைந்துவிடும். செவி, கிவி, கெபி ஆகியன ஒருபுறம் நிற்க, தமிழ் அப்பொருளுக்குத் தனித்த மொழியாகிவிடும். நீருக்குத் தண்ணீர், தீக்கு நெருப்பு என்பனவும் அத்தகையவை. எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் இத்துணை விலகிநிற்கும் ஒரு சமூகத்தில், எவரிடம் கேட்டோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். தகவலாளி ஆசிரியரா, கொழுந்து பறிக்கும் பெண்ணா என்பது மொழியியலுக்குப் புறம்பான கேள்வியன்று.

கொட்டகலைப் பேச்சுக்கு ஸ்வடேஷின் நூறு சொற்பட்டியலை நிரப்பிப் பார்ப்போமாயின், கண், காது, கை, தண்ணி, நெருப்பு என எல்லாம் திருச்சிராப்பள்ளிப் பேச்சோடு ஒன்றாகவே வரும். மரத்தில் இவ்விரண்டுக்கும் இடையே தூரம் இராது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் சொற்களே இம்மக்களின் வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன. வைகறையில் பெயர் பதிவதற்குக் கூடும் இடம் 'பிரட்டுக்களம்'. இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. தேயிலைச் செடியை வெட்டிச் சீர்செய்தல் 'கவ்வாத்து'. படைப்பயிற்சியைக் குறித்த 'கவாத்து' என்னும் உருதுவழிச் சொல்லோடு ஒன்றானது. தோட்டத்துறை தன் உழைப்பாளர்க்கு இட்ட பெயர்களில் இரண்டு படைமுகாமிலிருந்து வந்தவை என்பது தற்செயலாகாது. 'துரை' தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தது. லயத்து அறை 'காம்பரா'. போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்த இது, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த மூட்டையில் இருந்ததன்று. இலங்கையில் ஏற்கனவே வழங்கிய சொல்லை இம்மக்கள் இங்கு வந்தபின் ஏற்றுக்கொண்டது. 'மலை' என்பது இங்கு இயற்கை மலையைமட்டும் குறிக்காது, கொழுந்து பறிக்கும் தேயிலைப் பரப்பைக் குறிக்கும் தொழிற்சொல்லுமாயிற்று. கடன்சொற்களை விலக்குவது மரம் வரைவோர்க்கு நியாயமே. வம்சாவளியைமட்டும் தேடுவோர் அவ்வாறே செய்தல் வேண்டும். அவ்வாறு விலக்கியபின் எஞ்சியதை ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாறு என அழைப்பதே பொருந்தாது.

மரம் இங்கு தடுமாறுவதற்கு இதனினும் ஆழமான காரணம் உண்டு. 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்கும், அது நோயால் அழிந்தபின் பரவிய தேயிலைக்கும் உழைப்பாளர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி முதலிய பல பகுதிகளிலிருந்து கொணரப்பட்டனர். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் சாதியினரையும் திரட்டி வந்தான். அவர்களுள் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்டோரும் இருந்தனர். ஊர்தோறும் சாதிதோறும் வேறுபட்ட இவ்வழக்குகள் ஒரே லயத்தில், ஒரே மலையில், ஒரே பிரட்டுக்களத்தில் அருகருகே வைக்கப்பட்டன. அங்குப் பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் மாவட்ட அடையாளங்களை உதிர்த்து, எல்லார்க்கும் விளங்கும் பொதுவழக்கொன்றைப் பேசலாயினர். மரத்தில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தாய்க்கிளையே உண்டு. இப்பொதுவழக்கை எந்தத் தாய்க்கிளையிற் பொருத்துவது? பல வழக்குகள் கூடி ஒன்றானதை, ஒன்று பலவாகப் பிரிந்த கதையைமட்டும் சொல்லும் வரைபடத்தில் எழுத இடமில்லை. இந்தோ-ஐரோப்பியத் தொன்மைக் காலத்திலும் இத்தகைய கூடல்கள் நிகழ்ந்திருக்கும்; சான்று அழிந்துவிட்டமையால் நாம் அவற்றைப் பிரிவாகவே வாசிக்கிறோம் என ஐயுறுதல் தகும்.

இனி 'பழங்கிளை', 'சிதைந்த நுனி' என்னும் கூற்றை லெஸ்கினின் விதிகொண்டே சோதிப்போம். யாழ்ப்பாணப் பேச்சின் தனித்தன்மைக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 'உவன்', 'உது' என்னும் இடைநிலைச் சுட்டு. மலையகப் பேச்சில் அது வழக்கில் இல்லை. ஆயின் உகரச் சுட்டு தொல்காப்பியத்தில் உள்ளது. அதனைப் பேணியது பழமை பேணல், புத்தாக்கமன்று. விதிப்படி, பழமை பேணல் தனிக்கிளைக்குச் சான்றாகாது. றகர இரட்டையை நுனியண்ண ஒலியாக உச்சரித்தலும் அத்தகையதே. மலையகத்தார் 'காத்து' என்பதை யாழ்ப்பாணத்தார் பழைய ஒலியோடு சொல்வது அவர்களைத் தனிக்குடும்பம் ஆக்காது. மறுதலையாக, ழகரம் ளகரமாதல் யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலும் காணப்படும் புத்தாக்கம். அதனையே அளவுகோலாகக் கொண்டாற் யாழ்ப்பாணமும் மதுரையும் ஒரு கிளையாகிவிடும்! அது எளிதில் தனித்தனியே நிகழும் மாற்றமாதலால் அம்முடிபையும் முறை ஏற்காது. யாழ்ப்பாணத்துக்கு உரிய புத்தாக்கங்கள் சில உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு வழக்கு மற்றொன்றினும் தூயது என்பதற்கு ஒப்பியல் முறையில் அளவை எதுவும் இல்லை என்பதே நாம் சுட்டுவது.

இவ்விடயம் இலக்கிய விமர்சனத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. 1960களின் முற்பகுதியில் இந்நாட்டில் நிகழ்ந்த மரபுபற்றிய விவாதத்தில், பேச்சுவழக்கைக் கையாண்ட எழுத்தாளர்கள் இழிசனர் வழக்கைப் புகுத்தினர் எனத் தாக்கப்பட்டனர். அன்று அதற்கு விடையிறுத்தோர் சமூக நியாயத்தை எடுத்துரைத்தனர், அது சரியே. மொழியியல் நியாயமும் அவர்கள் பக்கமே இருந்தது என்பது போதிய அளவு கூறப்படவில்லை. பின்னர் என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோரின் சிறுகதைகளில் தோட்டத்துப் பேச்சு இடம்பெற்றபோது, அதனை 'மண்வாசனை' எனப் பாராட்டிய விமர்சகர்களும் அதனைத் தனித்த வழக்காக ஆராயவில்லை. வாசனை என்பது பாராட்டுப்போல் ஒலிக்கும் ஓர் ஒதுக்கல். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டிய பணி இதற்கு விதிவிலக்கு. பதிவு செய்யாவிடில் மறைந்திருக்கக்கூடிய சொற்கள் பல அத்தொகுப்பினால் நிலைத்தன.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இம்மக்களுள், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு அனுப்பப்பட்டோரில் ஒரு பகுதியினர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். 1930களில் எமனோ தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்ததும் அதே நீலகிரியிலேதான். திராவிட மரத்தின் தென்கிளை இன்றுள்ள வடிவைப் பெற்றதில் அவ்வாய்வுக்குப் பெரும் பங்குண்டு. 'இந்தியா ஒரு மொழிப்பரப்பு' எனக் குடும்ப எல்லைகளைக் கடந்து மொழிகள் ஒன்றையொன்று ஒத்துவருவதை 1956இல் எடுத்துக்காட்டியவரும் அவரே. மரம் வரைந்தவரே மரத்தின் எல்லையையும் அறிந்திருந்தார். அம்மலைக்கு, இலங்கையில் உருவான பொதுவழக்கையும் காம்பராவையும் பிரட்டையும் சுமந்துகொண்டு ஒரு மக்கட்கூட்டம் பிரிந்த கிளை மீள்வதுபோல் திரும்பிச் சென்றது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எச்சொற்களைப் பேணுகின்றனர், எவற்றை அண்டையாரின் பேச்சுக்கு விட்டுக்கொடுத்தனர்?

இதனை அறிவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஸ்வடேஷின் நூறு சொற்களோடு, தோட்டத் தொழில், லயத்து வாழ்வு, உறவுமுறை ஆகியன பற்றிய மேலும் ஓர் இருநூறு சொற்களைச் சேர்த்து ஒரே வினாக்கொத்தாக அமைக்கலாம். அதனைக் கொட்டகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலும், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிலும், மூலஊர்களாகச் சொல்லப்படும் சில கிராமங்களிலும் ஒரே விதமாகக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். கேட்கப்படுவோர் மூன்று தலைமுறையினராகவும், பெண்கள் பாதிக்குக் குறையாதவராகவும் இருத்தல் நலம். கொழுந்தின் சொற்களை அவர்களே அறிவர். கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை உள்ளது. அங்குப் பயிலும் மாணவர் பலர் தோட்டங்களிலிருந்தே வருவோர். தோட்டங்களை விட்டு இளைஞர் நகரங்களுக்குப் பெயர்ந்துவரும் இந்நாளில், பிரட்டுக்களத்தைத் தம் கண்ணாற் கண்ட முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். வினாக்கொத்தின் முதல் வரைவைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தினரே அடுத்த விடுமுறைக்குள் ஆயத்தம் செய்யலாம்.